கிரிமினல் கோர்ட்டில் இருந்து சம்மன் வந்திருக்கிறதா? முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களையும் செஷன்ஸ் நீதிமன்றங்களையும் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கின்றன. கோர்ட் வளாகத்தில் எல்லோர் வாயிலும் இன்னும் பழைய பிரிவு எண்கள்தான் வருகின்றன. அதனால் தேவையான இடத்தில் இரண்டு எண்ணையும் கொடுத்திருக்கிறோம்.

சம்மன் வந்தாலே நம்ம மேல கேஸ் இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. சாட்சிக்கும் சம்மன்தான் வரும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சம்மன்தான் வரும். தாளைப் பிரித்ததும் தேதிக்கு முன்னால் பார்க்க வேண்டியது, உங்களை யாராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது. கோர்ட் தமிழில் "எதிரி" என்றால் பகையாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். "எதிரி 2" என்றிருந்தால் குற்றப்பத்திரிகையில் நீங்கள் இரண்டாவது ஆள். "சாட்சி" என்றோ, எல்.டபிள்யூ. என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணோ இருந்தால், போலீஸ் கொடுத்த சாட்சிப் பட்டியலில் உங்கள் வரிசை அது.

அடுத்தது வழக்கு எண். சி.சி. என்றால் மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வழக்கு. எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணையில் முடியும் சின்ன வழக்கு. பி.ஆர்.சி. என்றால் செஷன்ஸுக்கு அனுப்பப்படப் போகிற பெரிய வழக்கு. எஸ்.சி. என்றால் அது ஏற்கெனவே செஷன்ஸுக்குப் போய்விட்டது. கூடவே சட்டப்பிரிவு, ஆஜராக வேண்டிய தேதி, எந்த நீதிமன்றம் ஆகியவை இருக்கும். ஒரே ஊரில் ஜே.எம்.1, ஜே.எம்.2 என்று இரண்டு மூன்று நீதிமன்றங்கள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும். தப்பான ஹாலில் காலை முழுக்க உட்கார்ந்திருந்து, பக்கத்து ஹாலில் "ஆஜரில்லை" என்று எழுதப்படுவது அடிக்கடி நடக்கிறது.

ஸ்டேஷன்ல இருந்து வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாங்க. அதுவும் இதுதானா?

அது வேறு. பிரிவு 35(3) நோட்டீஸ் (பழைய 41ஏ), ஒருவர் மேல் புகார் இருந்தும் கைது செய்யாமல் விசாரணைக்குக் கூப்பிடுவது. பிரிவு 179 (பழைய 160), விவரம் தெரிந்தவரைச் சாட்சியாகக் கூப்பிடுவது. இரண்டும் போலீஸ் அதிகாரி கையெழுத்தில் வரும், நீதிபதி கையெழுத்து இருக்காது. முதல் வகைக்குப் போகாமல் இருந்தால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம் என்பதால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

சாட்சியாகக் கூப்பிடும்போது பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

வாட்ஸ்அப்ல சம்மன் வந்துச்சு. நிஜமா, ஏமாத்து வேலையா?

முன்பு "போலி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். புதிய சட்டம் நீதிமன்றச் சம்மனை மின்னணு வழியிலும் அனுப்ப இடம் கொடுப்பதால் இப்போது சரிபார்த்தாக வேண்டும். அதில் நீதிமன்ற முத்திரையின் படமோ டிஜிட்டல் கையெழுத்தோ இருக்க வேண்டும். ஈகோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் இன்னும் சுலபம், தமிழ்நாட்டு வழக்குகளுக்கு அது டி.என். என்று தொடங்கும். பேரும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சம்மனில் உள்ள போன் நம்பருக்கே அடித்து "இது நிஜமா" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

போலீஸ் நோட்டீஸ் கதை வேறு. பிரிவு 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. வீடியோ காலில் சீருடையோடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பவரும், வழக்கை முடிக்கப் பணம் அனுப்பச் சொல்பவரும் மோசடிக்காரர்கள்தான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

கையெழுத்துப் போட்டு வாங்கினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? வாங்காமலே இருந்துட்டா?

சம்மன் இரண்டு பிரதியாக வரும். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றின் பின்பக்கத்தில் போடும் கையெழுத்து "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு மட்டும்தான். தேதியையும் சேர்த்து எழுதுங்கள். நேற்று வாங்கிய சம்மனுக்கு இன்று வாய்தா (ஆஜராக வேண்டிய தேதி) என்ற நிலை வந்தால், அந்தத் தேதி உங்களுக்குத்தான் உதவும்.

வாங்காமல் இருப்பது யாரோ சொல்லிக்கொடுக்கும் கெட்ட யோசனை. நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் கூட வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆணிடம்தான் கொடுக்க வேண்டும், இப்போது மனைவியிடமோ மகளிடமோ கொடுத்தாலும் செல்லும். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. அதுவும் முடியாவிட்டால் வீட்டுச் சுவரிலோ கதவிலோ ஒட்டிவிட்டுப் போவார்கள். தெருவே படிக்கும். அதன் பிறகும் வராதவருக்கு அடுத்துப் போவது வாரண்ட்.

வக்கீல் வெச்சே ஆகணுமா? கையில காசு இல்ல.

சாட்சிக்கு வக்கீல் தேவையில்லை. அரசுத் தரப்பு சாட்சியை உதவி அரசு வழக்கறிஞர்தான் விசாரிப்பார். எதிரியாக அழைக்கப்பட்டவருக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அவசியம். முதல் நாளே தானாகப் போய் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறவர்களின் வழக்கைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ வட்ட சட்டப்பணிகள் குழுவோ இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வாய்தா அன்று காலை ஓடாமல் ஒரு வாரம் முன்னதாகவே மனுக் கொடுத்தால், வக்கீலுக்கு வழக்குக் கட்டைப் படிக்க நேரம் இருக்கும்.

அன்னைக்கு கோர்ட்டுல என்னதான் நடக்கும்?

பத்து மணிக்குள் போய்விடுங்கள். அசல் சம்மன், ஆதார், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கையில் இருக்கட்டும். ஹால் வாசலில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் உங்கள் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு வக்கீலிடம் சொல்லுங்கள். செல்போனை சைலண்டில் போடாமல் அணைத்தே விடுங்கள். லுங்கி, அரைக்கால் சட்டை வேண்டாம்.

பத்தரை மணி வாக்கில் நீதிபதி வருவார், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பெஞ்ச் கிளார்க் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். வாசலில் நிற்கும் டவாலி பேரை மூன்று முறை கூப்பிடுவார். அவர் கூப்பிடும் வேகத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் பேரே புரியாது. அப்பா பேரோடு வரும், இனிஷியல் இடம் மாறும். அதனால் டீ குடிக்கப் போவதென்றால் பட்டியலில் எத்தனை நம்பர் தள்ளி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். கூப்பிடும்போது இல்லாவிட்டால் வக்கீல் கேட்டுக்கொள்ள, வழக்கைப் பிறகு எடுக்க ஒதுக்கிவைப்பார்கள். மாலை வரை வராவிட்டால்தான் சிக்கல்.

எதிரியாக இருந்தால் முதல் நாளில் பெரிய விசாரணை எதுவும் இருக்காது. கூண்டுக்குள்ளோ அதன் அருகிலோ நிற்கச் சொல்வார்கள். உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தை வக்கீல் தாக்கல் செய்வார். நீதிபதி பேரைக் கேட்பார், "ஐயா" அல்லது "அம்மா" என்று சொல்லிப் பதில் சொன்னால் போதும். குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகலை ஆஜரான 14 நாளுக்குள் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். வாங்கியதும் பக்கங்களை எண்ணுங்கள். காணாமல் போன பக்கத்தை அன்றே சொன்னால் தருவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், வாங்கியதற்குப் போட்ட கையெழுத்தைக் காட்டுவார்கள்.

நகல் வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். வழக்கில் சாரமே இல்லை, விடுவியுங்கள் என்று மனுப் போடப் புதிய சட்டத்தில் 60 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வழக்கில் அது இந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. செஷன்ஸ் வழக்கில் வழக்கு அங்கே அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஓடும்.

முதல் நாளே உள்ள தள்ளிடுவாங்களா?

போலீஸ் கைது செய்யாமலே குற்றப்பத்திரிகை போட்டு, கோர்ட் சம்மன் அனுப்பி, நீங்களும் ஒழுங்காக வந்து நிற்கும்போது பெரும்பாலும் வாய்தாவுக்கு வருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் (பிரிவு 91, பழைய 88). ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் உங்கள் உரிமை. கடுமையான பிரிவு இருந்தால் முன்ஜாமீன் வேண்டுமா என்பதை வாய்தாவுக்கு முன்பே வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நீதிபதி ஜாமீன்தாரர் கேட்கலாம். வழக்கமாக இரண்டு பேர், அவர்களில் ஒருவர் இரத்த சம்பந்தமாக இருக்க வேண்டும் என்றும் கேட்பதுண்டு. அவர்களுடைய ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, போட்டோ வேண்டும். வரி ரசீது அப்பா பேரிலும் ஆதார் மகன் பேரிலுமாகக் கொண்டுவந்து திரும்பிப் போகிறவர்கள் தினமும் உண்டு. ரசீதில் இருக்கும் ஆளே வர வேண்டும், ரசீது நடப்பு ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

அந்தத் தேதில வரவே முடியாதுன்னா?

எதிரியென்றால் வக்கீல் மூலம் "முன்னூத்திப் பதினேழு" போடுவார்கள். பழைய பிரிவு 317, இப்போது 355: அந்த ஒரு நாள் நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்கும் மனு. வழக்கைக் கூப்பிடும் முன்பே மேஜையில் இருக்க வேண்டும், காரணம் குறிப்பாக இருக்க வேண்டும். "உடல்நிலை சரியில்லை" என்று மூன்று வாய்தா தொடர்ந்தால் நான்காவதில் தள்ளுபடி ஆகும். குற்றச்சாட்டு வனையும் (எழுதிப் பதியும்) நாள், சாட்சி உங்களை அடையாளம் காட்டும் நாள், தீர்ப்பு நாள் போன்றவற்றுக்கு இதை நம்பாதீர்கள்.

வெளியூர் வேலை, முதுமை, கைக்குழந்தை என்று நீடித்த காரணம் இருந்தால் பிரிவு 228 (பழைய 205) மனு. நிபந்தனைகளோடு வக்கீலே தொடர்ந்து ஆஜராகலாம். சாட்சியாக இருந்தால் சம்மன் கொண்டுவந்த கோர்ட் போலீஸ்காரரிடம் எழுதிக் கொடுங்கள், மருத்துவச் சான்று இருந்தால் நகலையும் இணையுங்கள். போனில் சொன்னதாக நினைத்துக்கொண்டு சும்மா இருப்பது பதிவில் ஏறாது.

போகாம விட்டுட்டேன். வாரண்ட் ஆயிடுச்சுங்கறாங்க. என்ன பண்றது?

எந்த வாரண்ட் என்று முதலில் பாருங்கள். ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் என்றால், கொண்டுவரும் போலீஸ் அதிகாரியிடமே அதில் சொல்லியபடி ஜாமீன் கொடுத்துவிட்டு, குறித்த தேதியில் ஆஜராகலாம். மற்றது, வளாகத்தில் என்.பி.டபிள்யூ. என்று சொல்லப்படுகிற பிடிவாரண்ட். இதற்குக் காலாவதி கிடையாது. நிறைவேற்றும் வரை, அல்லது அதே நீதிமன்றம் ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் பிடிபடுகிறவர்கள் இப்படித்தான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். போலீஸ் வரும் முன் வக்கீலோடு நீங்களே போய் நின்று, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்டு மனுப் போடுவது. வராததற்குக் காரணம் காட்ட ஒரு தாளாவது கையில் இருக்கட்டும். முதல் தவறென்றால் பெரும்பாலான நீதிபதிகள் கண்டித்துவிட்டு ரத்து செய்கிறார்கள். தானாக வந்தவர், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் இருவருக்கும் நீதிபதி பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு.

ஜாமீனில் இருந்துகொண்டு வராவிட்டால் அது தனிக் குற்றம், ஒரு வருடம் வரை சிறை. ஜாமீன்தாரரும் பணம் கட்ட வேண்டிவரும். இன்னும் தலைமறைவாக இருந்தால், ஆஜராகச் சொல்லிப் பகிரங்கப் பிரகடனம், சொத்து ஜப்தி என்று போகும். சாட்சிக்கும் விதிவிலக்கு இல்லை. வராத சாட்சிக்கு வாரண்டும் போகும், அபராதமும் விதிப்பார்கள்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. எப்படிக் கேப்பாங்க?

உங்கள் முறை வரும் வரை ஹாலுக்கு வெளியே இருக்கச் சொல்வார்கள், மற்ற சாட்சி சொல்வதை நீங்கள் கேட்கக் கூடாது. கூண்டில் ஏறியதும் சத்தியப் பிரமாணம். சினிமாவில் வருவதுபோல் கீதையோ பைபிளோ கொண்டுவர மாட்டார்கள். கடவுள் பேரில் சத்தியம் செய்யலாம், நம்பிக்கை இல்லாதவர் மனமார உறுதி கூறலாம்.

முதலில் அரசு வழக்கறிஞர் கேட்பது முதல் விசாரணை. நடந்ததை வரிசையாகச் சொல்ல விடுவார். பிறகு எதிரியின் வக்கீல் செய்வது குறுக்கு விசாரணை, இங்கேதான் ஆள் தடுமாறுவது. கேள்விகள் எல்லாம் "என்றால் சரிதானே?" என்று முடியும். "அன்று தெருவிளக்கு எரியவில்லை என்றால் சரிதானே?" எரிந்திருந்தால் "சரியல்ல". கவனிக்கவில்லை என்றால் "கவனிக்கவில்லை". ஞாபகம் இல்லை என்றால் "ஞாபகமில்லை". இந்த மூன்றும் மூன்று வேறு பதில்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடாதீர்கள். கடைசியில் "நீங்கள் போலீஸ் சொல்லிக்கொடுத்தபடி பொய்ச் சாட்சியம் சொல்கிறீர்கள்" என்பார். அது உங்கள் மேல் கோபம் இல்லை, ஒவ்வொரு சாட்சியிடமும் கேட்டாக வேண்டிய சம்பிரதாயக் கேள்வி. "சரியல்ல" என்று நிதானமாகச் சொன்னால் போதும்.

நீங்கள் பேசுவதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்ல, பக்கத்தில் தட்டச்சு ஆகும். அதனால் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முடிந்ததும் தாளைப் படித்துக் காட்ட வேண்டும். "பார்த்தேன்" என்று சொன்னது "கேட்டேன்" என்று இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். நீதிபதி திருத்த மறுத்தாலும், உங்கள் ஆட்சேபணையைக் குறித்து வைக்க வேண்டும். பசி, பஸ் நேரம் என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதுதான் உங்கள் சாட்சியம்.

போலீஸ் எழுதி வெச்சதுல நான் சொல்லாததெல்லாம் இருக்கு. மாத்திச் சொன்னா மாட்டிக்குவேனா?

போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் (பிரிவு 180, பழைய 161) உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பது சட்டம். அது சத்தியத்தின் மேல் சொன்னதும் இல்லை. அதில் இருப்பதை ஒப்பிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, வாசலில் யார் சொல்லிக்கொடுத்தாலும் சரி. கண்டதைச் சொல்லுங்கள். அரசு வழக்கறிஞர் உங்களைப் பிறழ் சாட்சி (தன் தரப்புக்கு மாறாகப் பேசும் சாட்சி) என்று அறிவித்து, அவரே குறுக்கு விசாரணை செய்யலாம். அதற்காக மட்டும் தண்டனை வராது.

மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் (பிரிவு 183, பழைய 164) அப்படி இல்லை. அதற்கு நேர்மாறாகப் பேசினால் பொய்ச் சாட்சி வழக்கு வர வாய்ப்பு உண்டு. எதிர்த்தரப்பு மிரட்டியதால் மாற்றத் தோன்றுகிறது என்றால் மாற்றாதீர்கள். 2018-இன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுக்கலாம், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். மிரட்டலைக் கூண்டில் நிற்கும்போதே நீதிபதியிடமும் சொல்லலாம்.

எதிரியையும் கூண்டுல ஏத்திக் கேள்வி கேப்பாங்களா?

அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி கேட்பார் (பிரிவு 351, பழைய 313). சத்தியம் கிடையாது. பதில் சொல்லாமல் இருந்தாலும் தண்டனை கிடையாது. எதிரி தானே எழுதிக் கேட்டால் மட்டுமே சாட்சியாக ஏறலாம். "பொய்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதா, விளக்கம் எழுதிக் கொடுப்பதா என்பதை வக்கீலோடு முன்கூட்டியே பேசிவையுங்கள்.

ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்னு சொல்றாங்க.

அன்றே முடியும் என்பது உண்மை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைதான். நூறு ரூபாயாக இருந்தாலும் "தண்டிக்கப்பட்டார்" என்று பதிவாகும். ஹெல்மெட் வழக்குக்கும் அடிதடி வழக்குக்கும் இதில் ஏணி வைத்தாலும் எட்டாது. அரசு வேலைக்கு, அதிலும் காவல்துறைத் தேர்வுக்குப் படிக்கிற பையன் அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் வந்து நிற்கும்போதுதான் புரிகிறது.

சமாதானம் ஆகக்கூடிய குற்றமாக இருந்தால் எதிர்த்தரப்போடு ராஜியாகப் போகலாம் (பிரிவு 359, பழைய 320), லோக் அதாலத்திலும் முடிக்கலாம். முறைப்படி ராஜியானால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலை. இரண்டுக்கும் ஆகும் அலைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை, விளைவில்தான் மலையளவு வித்தியாசம்.

லீவு, பஸ் காசெல்லாம் யார் கொடுப்பா?

சாட்சிக்குப் படி உண்டு. பேட்டா என்று கேட்டால் புரியும். கோர்ட் அலுவலகத்தில் கேட்க வேண்டும், தானாக வராது. ஆஜரானதற்குச் சான்றும் கேட்டு வாங்கி வேலையிடத்தில் கொடுக்கலாம். எதிரிக்குப் படி கிடையாது.

அடுத்த வாய்தாவை எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதிதாகச் சம்மன் வரும் என்று காத்திருக்காதீர்கள், எதிரிக்கு வராது. நீதிபதி சொல்லும் தேதியை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது பதிலில் சொன்ன ஈகோர்ட்ஸ் செயலியில் அன்று மாலையோ மறுநாளோ ஏறிவிடும், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மே மாதம் கோர்ட் லீவு என்று நினைத்து ஊருக்குப் போய்விடாதீர்கள். அந்தக் கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுக்கு, மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும்.

கேஸ் இருக்கும்போது வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா?

சாட்சிக்குத் தடை இல்லை, சம்மன் தேதியை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். எதிரிக்கு ஜாமீன் உத்தரவில் "அனுமதியின்றி நாட்டை விட்டுப் போகக் கூடாது" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மனுப் போட்டு, விமான டிக்கெட், வேலை ஒப்பந்தம், திரும்பும் தேதி எல்லாம் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட் தனிப் பிரச்சினை. குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 1993-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றம் அனுமதித்தால் கொடுக்கலாம். அனுமதி கேட்கும் மனுவிலேயே எத்தனை வருடத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள். உத்தரவில் கால அளவு எதுவும் இல்லாவிட்டால் ஒரு வருட பாஸ்போர்ட்தான் கிடைக்கும். படிவத்தில் வழக்கை மறைத்தால் அது இன்னொரு வழக்காகிவிடும். போவதென்றால் பிரிவு 228 மனுவையும் கையோடு போட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்திலேயே வாரண்ட் காத்திருக்கும்.